கிராஃபிக்ஸ் கார்டில் வோல்டேஜ் மாற்றம்: வேகம் கொஞ்சம், ஆபத்து அதிகம்

கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கணினிப் பாகங்கள் வாங்க லோ யாட் பிளாசாவுக்குப் போகும் இளையோர் பலர் முதலில் விலை விசாரிப்பது கிராஃபிக்ஸ் கார்டுக்குத்தான். கணினி விளையாட்டு, காணொளித் தொகுப்பு, வடிவமைப்புப் பாடம் என எல்லாவற்றுக்கும் அது தேவைப்படுகிறது. ஆனால், நடுத்தரமான புதிய கார்டு ஒன்றின் விலை, 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை நெருங்கிவிடுகிறது.

புதியது வாங்க வசதி இல்லாதபோது, இருக்கும் பழைய கார்டையே முடுக்கிவிடலாம் என்ற ஆசை வருகிறது. மென்பொருளில் ஓரளவுக்கு மேல் முடியாது என்று தெரிந்ததும், சிலர் ஈயம் பற்றவைக்கும் கருவியைக் கையில் எடுக்கிறார்கள். கார்டின் பலகையிலேயே மாற்றம் செய்து, நிறுவனம் வைத்த மின்னழுத்த வரம்பைத் தாண்டுவதுதான் ‘வோல்டேஜ் மோட்’. தெரியாமல் இதில் இறங்கினால் கார்டு போகலாம். வீட்டுக்கும் ஆபத்து வரலாம்.

எப்படிச் செய்கிறார்கள்?

கார்டின் மையச் சில்லுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 1 வோல்ட் மட்டுமே. கணினியின் மின்வழங்கியிலிருந்து வருவதோ 12 வோல்ட். இதைக் குறைத்துக் கொடுக்கும் சுற்று, தான் கொடுக்கும் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று சிறிய மின்தடைகளின் வழியாக ஓயாமல் பார்த்துக்கொள்கிறது. அந்த இடத்தில் இன்னொரு மின்தடையைச் சேர்த்தால், அழுத்தம் குறைந்துவிட்டதாக நினைத்துச் சுற்று மேலும் கூட்டிக் கொடுக்கும். முன்பெல்லாம் மின்தடையின்மேல் பென்சிலால் தேய்த்தே இதைச் செய்தவர்கள் உண்டு. பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதே அதன் சூட்சுமம்.

இன்னொரு வழி, மின்னோட்டத்தை அளக்கும் ‘ஷண்ட்’ மின்தடையின்மேல் அதே அளவுள்ள இன்னொன்றைப் பற்றவைப்பது. 5 மில்லி ஓம் தடை அப்போது 2.5 ஆகக் குறையும். கார்டு 300 வாட் இழுத்தாலும் 150 வாட் என்றே அளவி சொல்லும். தோட்டத்தில் பால் நிறுக்கும் தராசு பாதி எடையைக் காட்டினால் என்ன நடக்குமோ, அதேதான் இங்கும் நடக்கிறது. பாரம் குறையவில்லை, கணக்கு மட்டுமே பொய்யாகிறது.

சூடு ஏன் இவ்வளவு ஏறுகிறது?

மின்னழுத்தம் ஏறும்போது சூடு அதே விகிதத்தில் ஏறுவதில்லை. அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 1.05 வோல்ட்டை 1.20 ஆக்கினால் அழுத்தம் கூடுவது 14 விழுக்காடு. ஆனால் அதே வேகத்தில் ஓடினாலும் மையச் சில்லின் மின்செலவு ஏறக்குறைய 30 விழுக்காடு கூடும். வேகத்தையும் சேர்த்து ஏற்றினால் இன்னும் கூடும். இதற்கெல்லாம் விளையாட்டில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் சில விழுக்காடுதான்.

போட்டிகளில் சாதனை படைப்பவர்கள் கழிய 196 பாகை செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனை ஊற்றி, சில நிமிடங்கள் மட்டுமே ஓட்டுகிறார்கள். கார்டு கருகினாலும் அவர்களுக்குக் கவலையில்லை. இங்கு நிலைமை வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடும். குளிர்சாதனம் இல்லாத அடுக்குமாடி அறையில் மணிக்கணக்கில் ஓடும் கார்டு, தொடங்கும்போதே சூட்டில்தான் தொடங்குகிறது.

எவையெல்லாம் கெடும்?

முதலில் பாதிக்கப்படுவது 12 வோல்ட்டை 1 வோல்ட்டாக்கும் டிரான்சிஸ்டர்கள். அவற்றில் ஒன்று குறுக்குச்சுற்று ஆனால், 12 வோல்ட் நேராக மையச் சில்லுக்குள் பாயும். அதன்பின் அந்தக் கார்டைக் காப்பாற்றுவது அரிது. உடனே எரியாவிட்டாலும், அதிக அழுத்தமும் சூடும் சில்லின் உள்ளே இருக்கும் நுண்கம்பிகளை மெல்ல அரிக்கும். சில மாதங்கள் கழித்துத் திரையில் கோடுகள் விழத் தொடங்கும்.

அடுத்தது கம்பிகளும் இணைப்பிகளும். 8 முனை இணைப்பி ஒன்றுக்கு நிர்ணயிக்கப்பட்ட அளவு 150 வாட். மதர்போர்டின் செருகுவாய்க்கு 75 வாட். அளவியை ஏமாற்றிவிட்டால் இந்த எல்லைகளை யாரும் காக்க மாட்டார்கள். 2022இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில், எந்த மாற்றமும் செய்யாதபோதே மின் இணைப்பி உருகியது உலகச் செய்தியானது. மாற்றம் செய்த கார்டோடு மலிவான மின்வழங்கியும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம் கூடும். அத்தகைய கணினியை ஆளில்லாத வீட்டில் ஓடவிடக் கூடாது.

மின்வழங்கிப் பெட்டியைத் திறப்பது இதைவிட ஆபத்தானது. அதன் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது உயிரையே பறிக்கும்.

பழைய கார்டு வாங்கும்போது

2022 செப்டம்பர் 15ஆம் நாள் எத்திரியம் தனது முறையை மாற்றி, கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு அந்த நாணயத்தை ‘தோண்டும்’ வேலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. ஒரு கார்டு எங்கே, எப்படி ஓடியது என்பதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எனவே வாங்கும் முன் பலகையின் இருபுறமும் கைப்பேசி விளக்கில் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் ஈயம் பளபளப்பது, மின்தடைமேல் மின்தடை உட்கார்ந்திருப்பது, ஒட்டிய மெல்லிய கம்பி, கருகிய தடம், பழுத்த இணைப்பி ஆகியவை தென்பட்டால் வாங்காமல் திரும்புவதே நல்லது. பாரம் கொடுத்து அரைமணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லலாம்.

ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். வணிகருக்கு எதிராக 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கிறது. ஆனால் வாங்கியவரே ஈயம் வைத்திருந்தால், நிறுவன உத்தரவாதத்தை எதிர்பார்க்க முடியாது.

மாற்று வழி

வோல்டேஜைக் கூட்டுவதற்குப் பதிலாக மென்பொருளில் சற்றுக் குறைத்துப் பார்க்கலாம். பல கார்டுகள் ஏறக்குறைய அதே வேகத்தில், குறைந்த சூட்டிலும் சத்தத்திலும் ஓடும், மின்கட்டணமும் மிச்சமாகும். சரிவராவிட்டால் ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். விசிறித் தூசியைத் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினாலே பழைய கார்டு பல பாகை குளிரும்.

பிள்ளைக்கு ஈயம் வைக்கும் ஆர்வம் இருந்தால் பெற்றோர் அதைத் திட்டி அணைக்க வேண்டியதில்லை. செத்துப்போன கார்டில் கை பழகட்டும். எஸ்.பி.எம். முடித்தபின் ஷா ஆலாமில் உள்ள பாலிடெக்னிக், தொழிற்பயிற்சிக் கழகங்கள் போன்ற இடங்களில் மின்னணுத் துறையை முறையாகப் படிக்கலாம். அங்கே கற்றுக்கொண்ட கை, நாளைக்குப் பிறருடைய கார்டைப் பழுதுபார்த்துச் சம்பாதிக்கும்.