வெளிநோயாளி யார்? அயலகத் தமிழ்த் தொழிலாளரும் மருத்துவக் காப்புறுதியும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் மாணவர்கள், தமிழகத்திலிருந்து வந்து உணவகங்களிலும் முடிதிருத்தகங்களிலும் பணிபுரிவோருக்காக மருத்துவக் காப்புறுதி குறித்த துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கம் செய்தனர். அதனை மெய்ப்புப் பார்த்தவர் நாமே. ‘இக்காப்புறுதி வெளிநோயாளிகளுக்குப் பொருந்தாது’ என்றொரு வரி அதில் இருந்தது. அதனைப் படித்த புதுக்கோட்டை மாவட்டத்துத் தொழிலாளர் ஒருவர், “வெளிநாட்டு நோயாளிக்குக் கிடையாதுன்னு நீங்களே போட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்கு சார் எங்ககிட்ட குடுக்கறீங்க?” என்று வினவினார்.

அவ்வரியில் இலக்கணப் பிழை இல்லை. கலைச்சொற் பிழையும் இல்லை. எனினும் அது எவருக்காக எழுதப்பட்டதோ அவருக்கு நேர்மாறான பொருளைத் தந்தது. அவருடன் தங்கியிருந்த மற்றொருவர் மூன்று நாள் வயிற்றுவலியோடு, அதே வரியை நம்பி, மருத்துவமனைக்குச் செல்லாமல் படுத்திருந்தார் என்பதை நாம் பின்னரே அறிந்தோம். அவரது நிகழ்வை இறுதியில் கூறுவோம். அது விளங்க வேண்டுமானால், இத்தொழிலாளர்களுக்கு எத்தகைய காப்பு உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

தோட்ட மருத்துவமனை

அயலகத் தமிழ்த் தொழிலாளரின் நோய்க்கு யார் செலவிடுவது என்னும் வினா இந்நாட்டிற்குப் புதிதன்று. மலாயாவில் இந்தியர்க்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றது; கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. அக்காலத் தோட்டங்களில் மலேரியாவே பெருங்கொடுமையாக விளங்கியது. 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிக் கொசுக்களை ஒழித்த முறை உலகப் புகழ் பெற்றது. தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிப்பது தோட்ட நிருவாகத்தின் கடமையாகச் சட்டத்தால் வகுக்கப்பட்டது.

நடைமுறையில் மருத்துவம் என்பது ‘டிரசர்’ என்று நம் மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளரையே குறித்தது. இவர்களைப் பதிவு செய்வதற்கெனவே 1965இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. டிரசருக்குத் தமிழ் தெரியும்; இது சிறிய நன்மையன்று. ஆனால் அவர் நிருவாகத்தின் ஊழியர். உண்மையில் நோயா, வேலைக்கு அஞ்சிய நடிப்பா என்று தீர்மானித்தவரும் அவரே. தோட்டத்தை விட்டு நீக்கப்பட்டவர் வேலையோடு வீட்டையும் மருத்துவமனையையும் ஒருங்கே இழந்தார். மருத்துவம் ஆளைச் சார்ந்து நிற்கவில்லை. வேலையைச் சார்ந்து நின்றது. இதனை நினைவிற்கொண்டு இன்றைய நிலையை நோக்கலாம்.

மலேசியாவில் இன்று

அரசு மருத்துவமனையில் மலேசியக் குடிமகன் ஒரு ரிங்கிட் கொடுத்து மருத்துவரைக் காண இயலும். அயல்நாட்டவர்க்கான உதவித்தொகை 2016 முதல் படிப்படியாக நீக்கப்பட்டு, இப்போது அவர்கள் முழுக் கட்டணம் செலுத்துகின்றனர்; படுக்கையில் சேர்க்குமுன் முன்பணமும் கட்டவேண்டும்.

இச்சுமையைத் தாங்கவே ‘ஸ்பிக்பா’ எனும் அந்நியத் தொழிலாளர் மருத்துவக் காப்புறுதித் திட்டம் 2011 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக் கட்டணம் 120 ரிங்கிட்டாகவும் காப்புத் தொகை 10,000 ரிங்கிட்டாகவும் அப்போது வகுக்கப்பட்டன. காப்புத் தொகை பின்னர் 20,000 ஆக உயர்த்தப்பட்டது. அரசு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் அறுவைக்கும் மட்டுமே இது பொருந்தும். காய்ச்சலுக்கு மருந்து வாங்கித் திரும்புவோர்க்கு இதனால் பயனில்லை. தொடக்கத்தில் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் தோட்டத் தொழிலாளர்க்கும் இது கட்டாயமாக்கப்படவில்லை. தோட்ட மருத்துவமனையின் வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்விலக்கு வியப்பளிக்காது.

வேலையால் நேரும் காயத்திற்கு வேறு காப்பு உண்டு. 1993இல் அந்நியத் தொழிலாளர்கள் சொக்சோவிலிருந்து நீக்கப்பட்டு, 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டனர். 2019 ஜனவரியில் அவர்கள் மீண்டும் சொக்சோவின் தொழில் பாதிப்புத் திட்டத்திற்குள் சேர்க்கப்பட்டனர். சந்தாவாக ஊதியத்தில் 1.25 விழுக்காட்டை முதலாளி செலுத்துகிறார். 2024 ஜூலை முதல் இயலாமைத் திட்டமும் அவர்களுக்கு விரிவாக்கப்பட்டது. இருபத்தாறு ஆண்டு இடைவெளியில் காலை இழந்தவர்களையும் கண்ணை இழந்தவர்களையும் நினைக்கையில் இத்திருத்தம் மிகத் தாமதமானது என்றே கூறத் தோன்றுகிறது.

சிங்கப்பூரும் இந்தியாவும்

சிங்கப்பூரில் பணி அனுமதி பெற்றவர்க்கு முதலாளி எடுக்கவேண்டிய மருத்துவக் காப்புறுதி 2010 முதல் ஆண்டிற்குக் குறைந்தது 15,000 வெள்ளியாக இருந்தது. 2023 ஜூலையில் இது 60,000 வெள்ளியாக உயர்ந்தது. 15,000க்கு மேற்பட்ட செலவில் கால் பங்கை முதலாளி ஏற்கவேண்டும். 2025 ஜூலை முதல் காப்புறுதி நிறுவனங்கள் மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் செலுத்துகின்றன. எவையெவை காப்பில் அடங்கா என்பதும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே சீராக வரையறுக்கப்பட்டுள்ளது. இவ்விறுதி மாற்றத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம். தொகை உயர்வதைக் காட்டிலும் விதி ஒன்றாவது, அதனை விளக்க முனைவோர்க்கு உதவியாகும்.

2020இல் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் பரவிய பின்னர், படுக்கையில் சேராத சிறு நோய்களுக்கும் அங்கு வழி பிறந்தது. விடுதிகளில் தங்குவோர்க்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை முதலிய துறைகளில் உழைப்போர்க்கும் 2022 ஏப்ரல் முதல் அடிப்படை மருத்துவத் திட்டம் கட்டாயமாகியது. மருத்துவ நிலையத்திற்குச் செல்லும் தொழிலாளியின் பங்கு ஒரு முறைக்கு ஐந்து வெள்ளியே. மலேசியத் திட்டத்தில் இல்லாத பகுதி இதுவே.

இந்திய அரசு 2003இல் தொடங்கிய ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’வையும் குறிப்பிடல் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும். அப்போது இக்காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், வரி தனி. விபத்து மரணத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய். மலேசியா அப்பட்டியலில் உள்ளது, சிங்கப்பூர் இல்லை. ஆதலின் ஒரே ஊரிலிருந்து கிளம்பும் அண்ணன் தம்பியரில் கோலாலம்பூருக்கு வருபவர் கட்டாயமாக இக்காப்பைப் பெறுவார். சிங்கப்பூருக்குச் செல்பவர்க்கு அக்கட்டாயம் இல்லை.

ஒப்புநோக்கிற்கு எம் அனுபவம் ஒன்று. முனைவர் பட்ட ஆய்விற்காக நாம் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, மாணவர் என்ற முறையில் அருகிலிருந்த மருத்துவரிடம் பெயர் பதிந்ததோடு சரி; கட்டணம் இல்லை. 2015 முதல் விசாவிற்கு விண்ணப்பிக்கையிலேயே மருத்துவக் கட்டணம் பெறப்படுகிறது; 2024இல் மாணவர்க்கு அது ஆண்டிற்கு 776 பவுண்டாக உயர்ந்தது. தொகை பெரிதுதான். ஆயினும் அது தம் பெயரில் தாமே செலுத்துவது. காப்பு அட்டையை முதலாளியின் இழுப்பறையில் தேடவேண்டியதில்லை.

சொல்லும் அட்டையும்

மீண்டும் அத்துண்டறிக்கைக்கு வருவோம். ஐயம் எழவே, அதன் பிற சொற்களையும் தொழிலாளர் சிலரிடம் படித்துக் காட்டிப் பொருள் கேட்டோம். ‘விலக்குகள்’ என்பதை வரிவிலக்குப் போன்றதொரு சலுகையாகப் பலர் கொண்டனர். காப்பில் அடங்காதவற்றின் பட்டியல் அவர்களுக்குச் சலுகைப் பட்டியலாயிற்று. ‘காப்பீடு’, ‘இழப்பீடு’ இரண்டும் ஒன்றே என்றார் ஒருவர். நாம் எழுதும் ‘காப்புறுதி’யைவிட ‘இன்சூரன்ஸ்’ அனைவர்க்கும் விளங்கியது. ‘விபத்து’ என்றால் சாலை விபத்தே. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து கை வெந்தது அவர்கள் கணக்கில் விபத்தன்று. அதற்குச் சொக்சோவில் மனுச் செய்யலாம் என்பதை அச்சொல் அவர்களுக்கு உணர்த்தவில்லை.

வயிற்றுவலியோடு படுத்திருந்தவரை மறுநாள் மருத்துவமனையில் சேர்த்தோம். குடல்வால் அழற்சி, உடனே அறுவை தேவை என்றனர். பதிவு முகப்பில் அவரது காப்புறுதி எண்ணைச் சரிபார்த்த அலுவலர், அது எட்டு நாள்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது என்றார். பெர்மிட் முடிந்திருந்தது. புதுப்பிக்கும் பொறுப்பு முதலாளியினுடையது. காப்புறுதியும் பெர்மிட்டோடு சேர்த்தே புதுப்பிக்கப்படுவது. கடப்பிதழும் முதலாளியிடமே இருந்தமையால் தம் பெர்மிட் முடிந்ததை அவர் அறிந்திருக்கவில்லை. நாம் தந்த வரி சரியாக இருந்து, அவர் முதல் நாளே வந்திருந்தாலும் அக்காப்பு அவருக்குக் கிடைத்திராது. முன்பணத்தை உடன் தங்கியிருந்தவர்கள் திரட்டிக் கட்டினர். அவர் குணமடைந்து சில மாதங்கள் கடனை அடைத்த பின்னரே ஊர் திரும்பினார்.

துண்டறிக்கையின் மறுபதிப்பில் அவ்வரியை, ‘ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் மட்டுமே இன்சூரன்ஸ் பணம் கட்டும்; மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினால் நீங்களே கட்டவேண்டும்’ என்று மாற்றினோம். அதன்கீழ், பெர்மிட் முடியும் தேதியைத் தொழிலாளர் தம் கையாலேயே எழுதிவைக்க ஒரு கட்டமும் சேர்த்தோம். பல்கலைக்கழகத்தின் பெயரில் ‘அட்மிட்’ என்று அச்சிடலாகுமா என்று எம் துறையில் நீண்ட விவாதம் நடந்தது. இறுதியில் ‘அட்மிட்’ என்பதையடுத்து ‘உள்நோயாளி’ என்பதையும் அடைப்புக்குறிக்குள் இட்டு அச்சிட்டோம்.