கறுத்த வெள்ளிக்காசைத் தேய்க்காதீர்கள்

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடந்ததென்று என்னிடம் கொண்டுவந்து காட்டும் விக்டோரியா ரூபாய்களில் பலவும் கெட்டுப்போய்த்தான் வருகின்றன. கெடுத்தது புளியும் பல்பொடியும். போன மாதம் வந்த 1862 ரூபாயில் ராணியின் கன்னம் எவர்சில்வர் தட்டுபோல மின்னியது. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கருமை ஒட்டியிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகம் முழுக்க ஒரே வாக்கில் மயிரிழைக் கீறல்கள். "பளிச்சுனு இருந்தாத்தானே சார் விலை போகும்?" என்றார் கொண்டுவந்தவர். சேகரிப்பவர்கள் முதலில் ஒதுக்குவதே இப்படித் தேய்த்த காசைத்தான்.

அந்தக் கருமை அழுக்கு இல்லை. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படியும் சன்னமான படலம். மஞ்சளாகத் தொடங்கி, செம்பு நிறம், ஊதா, நீலம் என்று போய்க் கடைசியில் கருக்கும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒற்றை பல்பின் கீழ் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அதிகம் புழங்காத காசாக இருந்தால், படலத்துக்கு அடியில் ஒளி சக்கரத்தின் ஆரக்கால்போலச் சுற்றி வரும். அப்படி வந்தால் மேல்தோலுக்குப் பழுதில்லை. உப்புத்தாள்போலச் சொரசொரத்து, குழி குழியாக மங்கிக் கிடந்தால் அது ஈரமும் உப்பும் அரித்த சேதம். பச்சைக் களிம்பு தெரிந்தால் வெள்ளியோடு கலந்த செம்பு அரிபடுகிறது. இந்த ரூபாயில் 12-ல் 1 பங்கு செம்புதான். அரித்த இடத்தை எந்த மருந்தும் நிரப்பாது. தேய்த்தால் குழி இன்னும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

அரித்த காசு பெரும்பாலும் மண்ணுக்குள் கிடந்த காசு. வானம் தோண்டும்போது ஒரு சொம்புக் காசு கிடைத்தால் வீட்டுக்காரரும் கொத்தனாரும் ராத்திரியோடு ராத்திரியாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், மறுநாள் ஆசாரியிடம் உருக்கக் கொடுத்துவிடுகிறார்கள். இது குற்றம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. 1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. என்ன பொருள், எவ்வளவு அல்லது தோராய மதிப்பு என்ன, எந்த இடத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று நாலும் மனுவில் இருக்க வேண்டும். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாக ஆட்சியரிடம் பிணையம் தர வேண்டும். "வெச்சிட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்று மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அந்தப் பேச்சை நம்பி ஒரு காசைக்கூடக் கையைவிட்டு விடாதீர்கள். எத்தனை காசு, மொத்தம் எத்தனை கிராம் என்று எழுதிக் கையெழுத்திட்ட ரசீது வேண்டும். முழு ரூபாய் ஒன்று 11.66 கிராம், அதை மனதில் வைத்து, கொடுக்கும் முன் நீங்களே எடை போட்டு, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, 4 மாதத்துக்குக் குறையாமல் 6 மாதத்துக்கு மிகாமல் ஒரு நாளில் விசாரிப்பார். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போய்விடும். 1 ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். அடையாளத்தை மறைக்கக் காசை உருக்கினாலும் அதே தண்டனைதான்.

மனு கொடுக்கும்வரை மண் ஒட்டிய காசை அப்படியே பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் வேண்டாம், அவற்றிலும் கந்தகம் உண்டு. பி.வி.சி. உறையும் வேண்டாம், பச்சைப் பிசுக்கு விடும். கழுவிப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள், கழுவக் கூடாது.