சிலிகா ஏரிக்கு 'மதிப்பெண் அட்டை': கழிமுகத்தின் நலம் அளக்கப்படுவது எப்படி?

புவனேஸ்வர்: ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகங்கள் சீர்கெடுவது வெளிப்பார்வைக்கு எளிதில் புலப்படுவதில்லை. பெரும்பாலும் மீன்வரத்து குறைந்த பிறகே பாதிப்பு உணரப்படுகிறது. அதனை முன்கூட்டியே அறிய உதவும் கண்காணிப்புக்கு, ஒடிசாவின் சிலிகா ஏரி சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

தூர்ந்துபோன முகத்துவாரம்

வங்கக் கடலையொட்டிய இந்த உவர்நீர் ஏரியை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவ மக்கள் நம்பியுள்ளனர். மகாநதியின் கிளையாறுகள் கொண்டுவந்த வண்டலால் கடலுடனான இணைப்பு தூர்ந்து, நீரின் உவர்ப்புத்தன்மை குறைந்தது. நன்னீர்க் களைகள் பரவின. கடலிலிருந்து மீன், இறால் குஞ்சுகள் வருவதும் தடைப்பட்டது. 1981-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சிலிகா, 1993-ல் சீர்கேட்டுக்குள்ளான சதுப்பு நிலங்களுக்கான 'மாண்ட்ரோ பதிவேட்டில்' சேர்க்கப்பட்டது.

2000 செப்டம்பரில் சிலிகா மேம்பாட்டு ஆணையம் புதிய முகத்துவாரத்தைத் திறந்தது. 1999-2000-ல் சுமார் 1,700 டன்னாக இருந்த மீன்பிடிப்பு, 2001-02-ல் 11 ஆயிரம் டன்னைக் கடந்தது. 2002-ல் அப்பதிவேட்டிலிருந்து ஏரி நீக்கப்பட்டது.

எவை அளக்கப்படுகின்றன?

இதன் தொடர்ச்சியாக, அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்துடன் இணைந்து 2012-ல் ஏரிக்கு நல அறிக்கை அட்டை தயாரிக்கப்பட்டது. நீரின் தரம், மீன்வளம், பல்லுயிர் ஆகிய 3 பிரிவுகளில் மதிப்பிடப்பட்ட ஏரிக்கு, ஒட்டுமொத்தமாக 'பி' தரம் கிடைத்தது.

நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் குறைந்தால் மீன்கள் மூச்சுத்திணறும். பச்சையத்தின் அளவு கூடினால், கழிவுநீரோ உரமோ கலந்து பாசி பெருகுவதாகக் கொள்ளலாம். பிடிபடும் மீன்களின் எடை மட்டுமன்றி அளவும் கவனிக்கப்படுகிறது. சிறு மீன்களே சிக்குவது மிகை மீன்பிடிப்பின் அடையாளமாகும். சேற்றில் வாழும் புழுக்களும் சிப்பிகளும் இடம்பெயர முடியாதவை என்பதால், மாசின் தாக்கத்தை அவை தெளிவாகக் காட்டுகின்றன. பறவைகளும் ஐராவதி டால்பின்களும் கணக்கெடுக்கப்படுகின்றன.

ஒரே அளவீடு போதாது

மழைக்காலத்தில் ஆறுகள் கலக்கும் வடபகுதியில் உவர்ப்பு குறைவது இயல்பு. கோடையிலும் அது உயராவிட்டால்தான் எச்சரிக்கை. எனவே வடபகுதி, மையப்பகுதி, தென்பகுதி, வெளிக்கால்வாய் எனப் பிரித்து, பருவம்தோறும் ஒப்பிட வேண்டியுள்ளது.

வண்டல் வரத்து இன்றும் நிற்கவில்லை. எங்கு, எப்போது தூர்வாருவது என்பதை இத்தகைய தொடர் அளவீடுகளைக் கொண்டே முடிவு செய்ய இயலும். வலைகள் வெறுமையாகத் திரும்பும் வரை காத்திருந்தால், மீட்பதற்கான காலமும் செலவும் பன்மடங்காகும்.