சேலை வடிகட்டல்

சேலை வடிகட்டல் என்பது பழைய பருத்திச் சேலையை மடித்து, அதன் வழியே குடிநீரை வடித்து, காலரா எனப்படும் வாந்திபேதியைக் குறைக்கும் எளிய முறையாகும். வங்காளதேச ஊர்ப்புறங்களில் விறகுத் தட்டுப்பாட்டினால் நீரைக் கொதிக்க வைத்தல் பலருக்கு இயலவில்லை. எனவே, வீட்டிலேயே கிடைக்கும் துணியைக் கொண்டு ஒரு மாற்று வழியை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் ஆராய்ந்தனர்.

வாந்திபேதிக் கிருமிகள் துணியின் துளைகளினூடு செல்லக்கூடியவை. ஆயினும், அவற்றுட் பெரும்பாலானவை ஒட்டியிருக்கும் மிதவை உயிரிகள் அவற்றினும் பெரியவை. ஆதலால் துணியில் தங்கிவிடுகின்றன. பலமுறை துவைத்த துணியில் இழைகள் நெகிழ்ந்து துளைகள் சுருங்குவதால், புதிய சேலையை விடப் பழைய சேலையே சிறந்தது. குறைந்தது நான்கு முறை மடித்தல் வேண்டும்.

மத்லாப் பகுதியின் 65 ஊர்களில் நிகழ்ந்த இவ்வாய்வின் முடிவுகள் 2003 இல் வெளியாயின. நோய் 48 விழுக்காடு குறைந்திருந்தது. தனித்து மிதக்கும் கிருமிகளை இம்முறை நீக்காது. ஆகவே, கொதிக்க வைத்தலுக்கு இது முழு ஈடாகாது.