விழித்திரை கிழிந்தால் பொங்கல் லீவுக்குக் காத்திருக்கலாமா?

ஆகுர்டி, சிஞ்ச்வட் ஆலைகளில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உடம்புக்கு எது வந்தாலும், "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். விழித்திரை கிழிந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

கண்ணுக்குள் மின்னல் வெட்டும். திடீரென்று கரும்புள்ளிகள் மிதக்கும். ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் பார்வை மறையும். ஆனால் வலி இராது. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களும், கண்ணில் பலமாக அடிபட்டவர்களும் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

என்ன சிகிச்சை?

கிழிசல் சிறிதாக இருந்து, விழித்திரை பிரியாமலும் இருந்தால் லேசர் ஒளியே பெரும்பாலும் போதும். அன்றே வீடு திரும்பலாம்.

விழித்திரை பிரிந்துவிட்டால் ஆபரேஷன்தான். கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கோன் பட்டை தைத்து, சுவரை உள்ளே அழுத்திக் கிழிசலை மூடுவது பழைய முறை. இன்றும் இது பலருக்குப் பலன் தருகிறது.

ஆனால் கண் வட்டத்தில் கால் பங்கோ அதற்கு மேலோ கிழிந்தால், விழித்திரை பாய்போல் மடிந்துகொள்ளும். பட்டை மட்டும் போதாது. கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றும் 'விட்ரெக்டமி' ஆபரேஷன் தேவை. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் டாக்டர் ராபர்ட் மாக்கமர் வளர்த்த முறை இது. 1980களில் டாக்டர் ஸ்டான்லி சாங், தண்ணீரைவிடக் கனமான ஒரு திரவத்தைக் கண்ணுக்குள் செலுத்தி மடிப்பை நீவிவிடும் வழியைக் கொண்டுவந்தார். பிறகு லேசரால் ஓரத்தை ஒட்டுவார்கள்.

வாயுவா, எண்ணெயா?

ஒட்டிய இடம் பிடிக்கும்வரை தாங்கிநிற்க, கண்ணுக்குள் வாயுவோ சிலிக்கோன் எண்ணெயோ நிரப்புவார்கள். வாயு சில வாரங்களில் தானே கரையும். ஆனால் டாக்டர் சொன்னபடி பல நாள் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. எண்ணெய் இருந்தால் விமானத்தில் போகலாம். ஆனால் சில மாதங்கள் கழித்து அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு. கண் அழுத்தமும் புரையும் வரலாம். எது பொருந்தும் என்பதைக் கிழிசலைப் பார்த்து டாக்டரே முடிவு செய்வார். லீவு எத்தனை நாள் வேண்டும், மறு ஆபரேஷன் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையில் 1978-ல் தொடங்கிய சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற ஆஸ்பத்திரிகள் பெயர் பெற்றவைதான். ஆனால் புனே நகரிலேயே விழித்திரை டாக்டர்கள் இருக்கிறார்கள். நடுப்பார்வை கெடுமுன் ஆபரேஷன் நடந்தால்தான் பழைய பார்வை மிஞ்ச வாய்ப்பு அதிகம். இ.எஸ்.ஐ. கார்டு இருப்பவர்கள் அன்றே டிஸ்பென்சரிக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கேளுங்கள். ரயில் டிக்கெட்டைப் பிறகு எடுக்கலாம்.