சமிக்ஞை விளக்கும் சமூகக் குறியும்: ஒளிகாலும் இருவாயி குறித்து ஒரு விளக்கம்

குறி என்பது தனிமனித உள்ளத்திலன்றி மனிதருக்கிடையிலான உறவிலேயே தோன்றுகிறது என்பது, 1929 இல் வெளிவந்த நூலில் வொலோஷினொவ் முன்வைத்த கருத்தாகும். மோட்டார்க் காரின் திருப்பச் சமிக்ஞை விளக்கு இதற்குத் தக்க சான்றாகும். அது சாரதியின் அணிகலனன்று; பாதசாரியும் துவிச்சக்கர வண்டியோட்டியும் வாசிக்கும் பொதுமொழி. கார் உரிமையாளர் பலர் பழைய மின்குமிழை அகற்றித் தாம் விரும்பிய வடிவில் ஒளிகாலும் இருவாயிகளை இன்று பொருத்துகின்றனர். இம்மாற்றத்தின் பொறிமுறையையும் அதனால் எழும் முரண்பாட்டையும் ஈண்டு நோக்குவோம்.

சமிக்ஞையின் வடிவம் வரலாற்று நிலைப்பட்டது. 1948 இல் அறிமுகமாகி, இலங்கை வீதிகளிலும் நெடுங்காலம் ஓடிய மொரிஸ் மைனரின் தொடக்ககால வண்டிகளில், பக்கவாட்டிலிருந்து வெளியே நீளும் சிறு கையே திசை காட்டியது. பின்னர் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு அவ்விடத்தைப் பெற்றது. அவ்வாறு ஒளிரச் செய்வது பிளாஷர் ரிலே ஆகும். அதன் பழைய வகையில், விளக்கிற்குச் செல்லும் ஓட்டமே உலோகத் தகட்டைச் சூடாக்கி வளைத்துச் சுற்றைத் துண்டிக்கும். தகடு குளிர்ந்ததும் சுற்று மீண்டும் இணையும். பிற்கால இலத்திரனியல் ரிலே ஓட்டத்தை அளவிடுகிறது. 12 வோல்ற்றில் 21 உவாற்று மின்குமிழ் ஒன்று 1.75 அம்பியரை எடுக்கும்; முன்னும் பின்னுமாக இரண்டும் 3.5 அம்பியரை எடுக்கும். ஒன்று பழுதடைந்தால் ஓட்டம் பாதியாகும். ரிலே விரைந்து சிமிட்டிச் சாரதியை எச்சரிக்கும். ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதிகள் வகுத்த இயல்பான வேகம் நிமிடத்திற்கு 60 முதல் 120 தடவை வரையாகும்.

இனிப் புதிய விளக்கை நோக்குவோம். செம்மஞ்சள் ஒளிகாலும் இருவாயி ஒன்றிற்கு ஏறத்தாழ 2 வோல்ற்று தேவை. மூன்றைத் தொடராக இணைத்தால் 6 வோல்ற்று ஆகும். இயந்திரம் ஓடுகையில் வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ற்று ஆதலால், எஞ்சிய 8 வோல்ற்றைத் தடையி ஏற்கவேண்டும். 20 மில்லி அம்பியருக்கு 400 ஓம் தடையி பொருந்தும். இத்தகைய பத்துத் தொடர்களைச் சமாந்தரமாக இணைத்து, நேர்முனையைச் சமிக்ஞைக் கம்பியிலும் மறைமுனையை வண்டியின் உடலிலும் தொடுத்தால் விளக்கு ஒளிரும். அது எடுக்கும் ஓட்டமோ 0.2 அம்பியர் மாத்திரமே.

முரண்பாடு இங்கேயே பிறக்கிறது. ரிலே ஒளியைக் காண்பதில்லை, ஓட்டத்தையே காண்கிறது. ஆகவே நன்றாக ஒளிரும் விளக்கைப் பழுதடைந்ததெனக் கொண்டு விரைந்து சிமிட்டுகிறது. பழைய வெப்பவகையில் சிமிட்டலே நின்றுவிடவும் கூடும். உள்ளடக்கம் மாறியபின்னும் பழைய வடிவம் தன் விதியை வற்புறுத்துவதை இலக்கிய வரலாற்றிலும் நாம் கண்டுள்ளோம்.

இதற்குப் பரவலாக இரு பரிகாரங்கள் கையாளப்படுகின்றன. ஒன்று, 6 ஓம், 50 உவாற்றுத் தடையியை விளக்கிற்குச் சமாந்தரமாக இணைத்தல். 14 வோல்ற்றில் அது ஒளிரும் கணந்தோறும் 32 உவாற்றுக்கு மேற்பட்ட வலுவை வீணே வெப்பமாக்கும். ஆதலால் பிளாஸ்ரிக்கிலோ கம்பிகளிலோ படாது வெற்று உலோகத்தில் பொருத்தப்படல் வேண்டும். மற்றையது, ஓட்டத்தை அளவிடாது நிலையான வேகத்தில் சிமிட்டும் ரிலேயை இடுதல். இது வெப்பத்தைத் தவிர்க்கும். எனினும் தனி ரிலேயின்றிக் கணினி வழி இயங்கும் புதிய கார்களுக்குப் பொருந்தாது.

இவ்விரண்டுக்கும் பொதுவான குறைபாடு மனங்கொள்ளத்தக்கது. புதிய விளக்கு முற்றாக அணைந்தாலும் தடையி தன் ஓட்டத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். நிலைவேக ரிலேயும் வழமைபோலச் சிமிட்டும். சாரதியின் முன்னுள்ள காட்டி ‘யாவும் நன்று’ என்றே கூறும். பின்னால் வருபவனுக்கோ எக்குறியும் கிட்டாது. அன்றியும், மின்னிழையின் நிலைக்கேற்ப வடிவமைக்கப்பட்ட தெறிப்பியில் புதிய ஒளிமூலத்தை இட்டால், நேரே பிரகாசமாகத் தெரிவது பக்கவாட்டில் மங்கிப்போகலாம்.

எனவே இது தனிமனித இரசனை சார்ந்த பிரச்சினை மாத்திரமன்று. குறியை மாற்றும் உரிமையைக் கோருபவர், அதனை வாசிப்போர்க்குக் கடப்பாடு உடையவராகிறார். ஒவ்வொரு விளக்கின் ஓட்டத்தையும் தனித்தனியே கண்காணிக்கும் சுற்றினை அமைத்தலே முறையான தீர்வாகும். அது இயலாதவிடத்து, வண்டியை எடுக்குமுன் நாற்புறமும் சுற்றிவந்து விளக்குகளைக் கண்ணாற் காணுதல் வேண்டும். இயந்திரம் கைவிட்ட எச்சரிக்கைப் பணியை மனிதனே ஏற்றாகவேண்டும்.