வைஸ் ஏன் விடுவதில்லை?

மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு டிரில் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். துளை முடியும் தருணத்தில் பிட்டின் விளிம்பு மீதமுள்ள உலோகத்தைக் கவ்வி, தகட்டை விசிறிபோலச் சுழற்றிவிடும். கையுறை போட்டால் இன்னும் மோசம். துணியையும் சேர்த்துச் சுருட்டும்.

வைஸ் மட்டும் எப்படி அசையாமல் பிடிக்கிறது? கைப்பிடியின் நுனி, மையத்திலிருந்து 150 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்றுக்குக் கை ஏறக்குறைய 942 மி.மீ. பயணிக்கும். மரை இடைவெளி 5 மி.மீ. என்றால், தாடை நகர்வது அந்த ஐந்துதான். கணக்குப்படி விசை 188 மடங்கு பெருக வேண்டும். அதில் பெரும்பங்கை உராய்வு தின்றுவிடுகிறது. ஆனால் உராய்வைத் திட்ட முடியாது: கையை எடுத்த பிறகும் திருகு பின்வாங்காமல் நிற்பது அதனால்தான்.

இறுக்கும்போது பொருள் லேசாக மேலே தூக்கிக்கொள்கிறதா? திருகு தள்ளுவது கீழே, பொருள் எதிர்ப்பது மேலே. அதனால் நகரும் தாடை சற்றே மல்லாந்து, பொருளையும் உயர்த்துகிறது. பொருளுக்கும் அந்தத் தாடைக்கும் நடுவில் ஓர் உருண்டைக் கம்பியைக் கிடையாக வையுங்கள். தாடை சாய்ந்தாலும் கம்பி உருண்டுகொள்ளும். பொருள் நிலைத்த தாடையோடு ஒட்டி நிற்கும். காசில்லாத வைத்தியம்!

டிரில் மேசையில் பட்டைக் கிளாம்ப் போடுகிறவர்கள் போல்ட்டைப் பொருளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பட்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தால், மூன்றில் இரு பங்கு விசை பொருள்மேல் விழும். நடுவில் வைத்தால் பாதி, பட்டையின் மறுமுனையைத் தாங்கும் முட்டுக்கட்டைக்குப் போய்விடும்.